“விட்டுவிட்டேன், டாக்டர்” என்று எழுதியவர்களுக்கு

வாசகர் கேள்வி – பதில்
பதில் எழுதுபவர்: ஓய்வுபெற்ற அரசு நெஞ்சக நோய் மருத்துவர், திருநெல்வேலி

இந்த இதழில் ஒரே வகைக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அறுபதைத் தாண்டியவர்கள், ஒரு காலத்தில் பீடியோ சிகரெட்டோ பிடித்தவர்கள், இப்போது தொடுவதில்லை என்பவர்கள் எழுதியவை. அவர்களுடைய வீட்டார் எழுதியவையும் உண்டு. புகைப்பவரைப் பார்த்து “விட்டுவிடு” என்று ஊரே சொல்கிறது. விட்டவரிடம் அதன் பிறகு யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அந்த ஆதங்கம் எனக்கு நெடுநாளாக உண்டு. கடிதங்களைச் சுருக்கி, பெயர்களை எடுத்துவிட்டு, ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

*அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவன். வயது 68. இருபத்தைந்து வயதிலிருந்து ஐம்பத்தேழு வரை நாளுக்கு ஒரு பாக்கெட் சிகரெட். விட்டுப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. அண்மையில் கழுகுமலையில் வெட்டுவான் கோயிலுக்கு ஏறும்போது பாதியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். என்னைவிட நான்கு வயது மூத்த அண்ணன் நிற்காமல் ஏறினார். அவர் புகைத்ததே இல்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, கோளாறு ஒன்றும் இல்லை என்றார்கள். வயதாகிவிட்டது, அவ்வளவுதானா?*
– கோவில்பட்டி வாசகர்

ஐயா, மூத்தவர் ஏறியிருக்கிறார், இளையவர் உட்கார்ந்திருக்கிறார். இதை வயதின் கணக்கில் எழுதிவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. எக்ஸ்ரே நன்றாக இருப்பது நல்ல செய்திதான். நீர்க்கோர்வை, பெரிய கட்டி, பரவிய காசநோய் போன்றவை இல்லை என்று அது சொல்கிறது. மூச்சுக்குழாய்கள் உள்ளே எவ்வளவு குறுகியிருக்கின்றன என்பதை அது சொல்லாது. அந்தக் குறுகல் நன்றாக முற்றிய பிறகுதான் எக்ஸ்ரேயில் தடயம் காட்டும்.

உங்களுக்கு வேண்டியது ஸ்பைரோமெட்ரி என்னும் ஊதும் சோதனை. ஊசியோ மயக்க மருந்தோ கிடையாது. மூக்கில் ஒரு கிளிப் மாட்டுவார்கள். நெஞ்சு கொள்ளும் மட்டும் மூச்சை இழுத்து, அட்டைக் குழலை உதடுகளால் இறுகக் கவ்விக்கொண்டு, ஒரே வீச்சில் ஊத வேண்டும். ஊதத் தொடங்கியதும் பக்கத்தில் நிற்பவர் “இன்னும், இன்னும், விடாதீர்கள்” என்று குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார். ஆறு நொடியாவது நிறுத்தாமல் ஊத வேண்டும் என்பதற்காகத்தான் அந்தச் சத்தம். நல்ல நுரையீரல் உள்ளவர் முதல் நொடியிலேயே ஏறக்குறைய முக்கால் பங்குக் காற்றை வெளியே தள்ளிவிடுவார். குழாய் குறுகியவருக்கு ஆறு நொடி கடந்தும் மெல்லிய இழையாகக் காற்று வந்துகொண்டே இருக்கும். முகம் சிவந்துவிடும், காற்று தீராது. திரையில் நேராகச் சரிய வேண்டிய கோடு நடுவில் உள்வாங்கித் தொய்ந்து நிற்கும். பிறகு மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை உறிஞ்சச் செய்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். அப்போதும் முதல் நொடியில் வரும் காற்று மொத்தத்தில் நூற்றுக்கு எழுபதை எட்டவில்லை என்றால், அது பெரும்பாலும் சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய். நம் பக்கத்தில் இதற்கு “வீசிங்”, “ஆஸ்துமா”, “சளித் தொந்தரவு” என்று எதையாவது பெயர் சொல்லி ஆண்டுக்கணக்கில் இருமல் டானிக் குடிக்கிறார்கள். எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இதுதான்.

நீங்கள் விட்டதால் பலன் உண்டா என்று கடிதத்தின் கடைசியில் கேட்டிருந்தீர்கள். உண்டு. புகைக்காதவருக்கும்கூட முப்பதை ஒட்டிய வயதிலிருந்து நுரையீரலின் ஊதும் திறன் ஆண்டுக்குச் சுமார் 30 மில்லிலிட்டர் குறைந்துகொண்டே போகும். புகையால் எளிதில் பழுதாகும் நுரையீரலில் அந்த இழப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. மேற்கு லண்டனில் வேலை பார்த்த ஆண்களை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து சோதித்த பிளெட்சரும் பீட்டோவும் 1977இல் இதைத் தெளிவாக எழுதினார்கள். விட்டவர்களுக்கு, இழந்தது திரும்பி வரவில்லை. இழப்பின் வேகம் மட்டும் புகைக்காதவர் அளவுக்கு இறங்கியது. இந்தப் பதினோரு ஆண்டுகளில் நீங்கள் காப்பாற்றிக்கொண்டது ஏறக்குறைய மூன்றில் ஒரு லிட்டர் காற்றாக இருக்கலாம். நீங்கள் பாதி மலையாவது ஏறியது அந்தக் காற்றில்தான்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். மூச்சிரைப்பு என்றால் நுரையீரல் என்று மட்டும் முடிவு கட்டக்கூடாது. அதே புகைதான் இதயத்தின் ரத்தக் குழாய்களையும் பழுதாக்கியது. முதியவர்களுக்கு, அதிலும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு, இதய அடைப்பு நெஞ்சுவலியே இல்லாமல் வெறும் மூச்சிரைப்பாக வெளிப்படுவதுண்டு. இ.சி.ஜி., எக்கோ, ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு ஆகியவற்றையும் சேர்த்துப் பாருங்கள். அதுவரை மலை ஏற வேண்டாம்.

*என் அப்பாவுக்கு 74 வயது. வாலிபத்திலிருந்தே பீடி. இந்தப் பொங்கலோடு நிறுத்திவிட்டார். பக்கத்து வீட்டுப் பெரியவர், “இந்த வயதில் திடீரென்று விட்டால் உடம்பு தாங்காது, என் மைத்துனர் விட்ட மூன்றாம் மாதமே போய்ச் சேர்ந்தார்” என்கிறார். அப்பா பயந்துபோய், சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே ஒரு பீடி பிடிக்கட்டுமா என்கிறார்.*
– அம்பாசமுத்திரம் வாசகி

வேண்டாம் அம்மா. ஒன்றுகூட வேண்டாம். அந்தப் பெரியவர் சொன்னது கண்ணால் பார்த்ததாகவே இருக்கலாம். ஆனால் காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிப் புரிந்துகொண்டிருக்கிறார். எழுபது வயதில் ஒருவர் திடீரென்று பீடியை வெறுக்கிறார் என்றால், பல நேரம் உடம்பு அதை வெறுக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். மூச்சு முட்டுகிறது, பசி போய்விட்டது, நெஞ்சு கரிக்கிறது; அதனால் பீடி பிடிக்கவில்லை. நோய் அதற்கு முன்பே உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும். மூன்று மாதம் கழித்து இறந்தால் பழி பீடியை விட்டதன் மேல் விழுகிறது. நான் பணியாற்றிய வார்டில் இந்தப் பேச்சைக் கேட்காத வாரம் இருந்ததில்லை. இதை நம்பி மறுபடி பற்றவைத்தவர்களை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

பிரிட்டனில் ரிச்சர்ட் டால் தலைமையில் ஓர் ஆய்வு நடந்தது. 1951இல் தொடங்கி ஐம்பது ஆண்டுகள், ஆண் மருத்துவர்கள் 34,000க்கு மேற்பட்டோரைப் பின்தொடர்ந்தார்கள். புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டு ஆயுளை இழந்தார்கள். முப்பது வயதில் விட்டவர்கள் ஏறக்குறைய அந்தப் பத்து ஆண்டையும் மீட்டார்கள். நாற்பதில் விட்டவர்களுக்கு ஒன்பது, ஐம்பதில் விட்டவர்களுக்கு ஆறு, அறுபதில் விட்டவர்களுக்கும்கூட மூன்று ஆண்டுகள் கிடைத்தன. எழுபத்து நான்கு என்பது தாமதம்தான். ஆனாலும் ரத்தத்தில் ஏறியிருந்த கார்பன் மோனாக்சைடு ஒன்றிரண்டு நாளிலேயே இறங்கிவிடுகிறது. மாரடைப்பு ஆபத்து முதல் ஆண்டிலிருந்தே குறையத் தொடங்குகிறது. பீடி சிறியது, இலையில் சுற்றியது, அதனால் கெடுதல் குறைவு என்ற எண்ணமும் உங்கள் வீட்டில் இருக்கக்கூடும். இலைச்சுற்றின் வழியே காற்று அதிகம் நுழையாது. அணைந்துவிடாமல் இருக்க அடிக்கடியும் அழுத்தியும் இழுக்க வேண்டியிருக்கிறது. அதனால் சிகரெட்டைவிடத் தாரும் கார்பன் மோனாக்சைடும் உள்ளே அதிகமாகவே போகின்றன.

சாப்பாட்டுக்குப் பிறகு வரும் ஏக்கம் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் அவரைத் திண்ணையில் தனியே உட்கார விடாதீர்கள். கடைத்தெரு வரை நடக்கச் சொல்லுங்கள், அல்லது கொஞ்சம் சுக்கோ ஏலக்காயோ கொடுங்கள். புகையிலையோ, புகையிலை போட்ட வெற்றிலையோ மட்டும் மாற்றாகக் கொடுத்துவிடாதீர்கள். மிகவும் தடுமாறினால் 1800 112 356 என்ற தேசியப் புகையிலை உதவி எண்ணுக்குப் பேசலாம், கட்டணம் இல்லை. நிக்கோட்டின் சூயிங்கம்மை அவருடைய மருத்துவரைக் கேட்டுத் தொடங்கலாம். இன்னொன்று: அவர் ஏன் விட்டார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேளுங்கள். மூச்சு முட்டுகிறது, எடை குறைகிறது என்று பதில் வந்தால், காத்திருக்காமல் சோதனைக்கு அழைத்துப் போங்கள்.

*என் வீட்டுக்காரருக்கு 69 வயது. முப்பத்தைந்து ஆண்டு புகைத்துவிட்டு ஆறு ஆண்டுக்கு முன் விட்டவர். குடலிறக்க அறுவைக்காக மருத்துவமனைக்குப் போனோம். நர்ஸ் படிவத்தை வைத்துக்கொண்டு “புகைப்பழக்கம் உண்டா?” என்று கேட்டார். இவர் “இல்லை” என்றார். நான் வாயெடுத்ததும் முறைத்தார். வீட்டுக்கு வந்து, “விட்ட பிறகு எதற்கு அந்தப் பழைய கதை” என்கிறார். நான் செய்தது தவறா?*
– தூத்துக்குடி வாசகி

நீங்கள் வாயெடுத்தது முழுக்க முழுக்கச் சரி, அம்மா. இந்தப் பக்கத்தைக் கிழித்து அவர் கையில் கொடுத்துவிடுங்கள். இனி எழுதுவது அவருக்கு.

ஐயா, நீங்கள் பொய் சொல்லவில்லை. அந்தப் படிவத்தில் “உண்டு”, “இல்லை” என்று இரண்டே கட்டங்கள்தான் இருந்திருக்கும். விட்டவருக்கென்று மூன்றாவது கட்டம் ஒன்று எல்லாப் படிவத்திலும் இருக்க வேண்டும் என்று நான் பணியில் இருந்த காலமெல்லாம் சொல்லிவந்தேன். ஆனால் உங்களுக்கு மயக்க மருந்து கொடுக்கப்போகிறவருக்கு அந்த முப்பத்தைந்து ஆண்டும் தெரிய வேண்டும். தெரிந்தால் முன்கூட்டியே ஊதும் சோதனை செய்வார், ஆழ்ந்து மூச்சிழுக்கும் பயிற்சி கொடுப்பார், முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ் மட்டும் மரத்துப்போகச் செய்யலாமா என்று யோசிப்பார். தெரியாவிட்டால், அறுவை முடிந்த மறுநாள் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டு நீங்கள் இருமும்போதுதான் அவருக்குத் தெரியவரும். குடலிறக்கத் தையலுக்கு இருமலைப்போல் எதிரி வேறில்லை.

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? உங்கள் தலைமுறை வளர்ந்த காலத்தில் பஸ்ஸிலும் சினிமா கொட்டகையிலும் அலுவலகத்திலும் புகைத்தார்கள். கல்யாண வீட்டில் தாம்பூலத் தட்டிலேயே சிகரெட் பாக்கெட் இருந்தது. பொது இடத்தில் புகைக்கத் தடை நாடு முழுவதும் உறுதியாக நடைமுறைக்கு வந்ததே 2008 அக்டோபர் 2இல்தான். நிக்கோட்டின் பிடியிலிருந்து வெளியே வருவது எவ்வளவு கடினம் என்று நாங்கள் அறிவோம். நீங்கள் வந்துவிட்டீர்கள். அதைத் தலைநிமிர்ந்து சொல்லுங்கள்: இத்தனை ஆண்டு, நாளுக்கு இத்தனை, இந்த ஆண்டில் விட்டேன். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைச் சீட்டின் மேலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கண் மருத்துவரிடமும் சொல்லுங்கள். விழித்திரையின் நடுப்பகுதி தேய்வது புகைத்தவர்களுக்கு அதிகம். எலும்பு மருத்துவரிடமும் சொல்லுங்கள். இடுப்பெலும்பு முறிவும் அப்படித்தான்.

இந்த அறுவைக்காக உங்கள் வயிற்றை ஸ்கேன் செய்வார்களானால் ஒரு வேலையைச் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள். வயிற்றின் பின்பக்கம் முதுகெலும்பை ஒட்டி இறங்கும் பெருந்தமனியின் அகலத்தை அளந்து எழுதச் சொல்லுங்கள். பழைய சைக்கிள் டியூபில் ஓரிடம் மெலிந்து புடைத்துக்கொள்ளுமே, அதுபோல அந்தத் தமனி சிலருக்கு மெல்லப் புடைக்கும். வலி இருக்காது, அடையாளம் இருக்காது. வெடித்தால் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. புகைத்த ஆண்களிடம்தான் இது மிக அதிகம். அமெரிக்காவில் 65 முதல் 75 வயது வரை உள்ள ஆண்களில் வாழ்நாளில் நூறு சிகரெட்டாவது பிடித்தவர்கள் ஒருமுறை இந்த ஸ்கேன் செய்துகொள்ள வேண்டும் என்று பரிந்துரை இருக்கிறது. இங்கிலாந்தில் 65 வயதாகும் எல்லா ஆண்களையும் அழைத்துப் பார்க்கிறார்கள். நம்மிடம் அப்படி ஒரு அழைப்பு வராது, நாமே கேட்டுத்தான் ஆக வேண்டும். மூன்று சென்டிமீட்டருக்குக் கீழ் இருந்தால் கவலையை விடுங்கள். அதற்கு மேல் என்றால் அவ்வப்போது அளந்து வர வேண்டும். ஐந்தரையைத் தொட்டால் ரத்தக்குழாய் அறுவை நிபுணரைப் பார்க்க வேண்டும்.

*போன வாரம் ஒரு நாள் சிறுநீர் தேநீர் நிறத்தில், சற்றுச் சிவப்பாகப் போனது. வலி இல்லை. மறுநாள் சரியாகிவிட்டது. வெயில் சூடு என்று இளநீர் குடித்தேன். 70 வயது. சிகரெட் விட்டு எட்டு ஆண்டு. இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே எழுதுகிறேன்.*
– விருதுநகர் வாசகர்

எழுதியதற்கு நன்றி, ஐயா. இதழ் வரும்வரை காத்திருக்க வைக்கக்கூடாது என்று உங்களுக்குத் தனியே தபாலும் அனுப்பச் சொல்லிவிட்டேன். இங்கே மற்றவர்களுக்காக எழுதுகிறேன். புகைத்த ஒருவருக்கு வலியில்லாமல் சிறுநீரில் ரத்தம் வந்தால், ஒரே ஒருமுறை வந்து நின்றுபோனாலும், சிறுநீர்ப்பையில் கட்டி இல்லை என்று உறுதி செய்யும்வரை ஓயக்கூடாது. புகையிலுள்ள நச்சு ரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் வழியே இறங்கி, மணிக்கணக்கில் தங்குவது அந்தப் பையில்தான். சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் ஏறக்குறைய பாதிக்குப் புகையிலைதான் காரணம். ரத்தம் நின்றுவிடுவதுதான் இதில் ஆபத்தே, நின்றதும் மறந்துவிடுகிறார்கள். சிறுநீரக அறுவை நிபுணரிடம் போனால் சிறுநீர்ச் சோதனை, ஸ்கேன், தேவைப்பட்டால் குழாய்வழி உள்ளே பார்க்கும் சோதனை செய்வார். தொடக்கத்திலேயே பிடித்தால் அந்தக் குழாய் வழியாகவே கட்டியைச் சுரண்டி எடுத்துவிட முடியும்.

*அப்பாவுக்கு 71. மில் தொழிலாளியாக இருந்தவர். நாளுக்கு இருபது பீடி, நாற்பது ஆண்டு. நான்கு ஆண்டுக்கு முன் விட்டார். இளமையில் காசநோய்க்கு மருந்து சாப்பிட்டிருக்கிறார். இப்போது தொந்தரவு ஒன்றும் இல்லை. பரிசோதனைக் கூடம் ஒன்று சலுகை விலையில் முழு உடல் சி.டி. ஸ்கேனும், புற்றுநோய் ரத்தப் பரிசோதனையும் என்று விளம்பரம் செய்கிறது. எடுத்துவிடலாமா?*
– மதுரை வாசகர்

முழு உடல் ஸ்கேன் வேண்டாம். தொந்தரவு இல்லாதவருக்கு அந்த ரத்தப் பரிசோதனையும் வேண்டாம். அவை நோயைக் கண்டுபிடிக்க நம்பத்தக்கவை அல்ல, வீண் பயத்தைத்தான் கொண்டுவரும். ஆனால் நுரையீரலுக்கு மட்டும் குறைந்த கதிர்வீச்சில் எடுக்கும் சி.டி. பற்றி நீங்கள் யோசிப்பதில் நியாயம் இருக்கிறது.

நாளுக்குப் பிடித்த எண்ணிக்கையை ஆண்டுகளால் பெருக்குவது எங்கள் வழக்கம். உங்கள் அப்பாவுக்கு எண்ணூறு வருகிறது. முந்நூறைத் தாண்டினாலே கடும் புகைப்பழக்கம் என்று குறிப்போம். விட்டுப் பத்து ஆண்டு ஆகும்போது நுரையீரல் புற்றுநோய் ஆபத்து, தொடர்ந்து புகைப்பவரைக் காட்டிலும் பாதியாகிறது. ஆனால் புகைக்காதவர் அளவுக்கு ஒருபோதும் வருவதில்லை. அமெரிக்காவில் 55 முதல் 74 வயதுக்குட்பட்ட, பல ஆண்டுகள் கடுமையாகப் புகைத்த 53,000க்கு மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு 2011இல் வெளியானது. ஆண்டுக்கு ஒன்றாக மூன்று முறை குறைந்த கதிர்வீச்சு சி.டி. எடுத்தவர்களிடம், எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட, நுரையீரல் புற்றுநோய் மரணம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: சி.டி.யில் சந்தேகத்துக்குரியது என்று குறித்தவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் புற்றுநோயே இல்லை.

அது அமெரிக்காவில். இங்கே காசநோய் வடு இல்லாத முதிய நெஞ்சைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். உங்கள் அப்பாவின் படத்திலும் அந்த வடு தென்படக்கூடும். அதைக் கட்டி என்று எண்ணி ஊசி குத்தி, நெஞ்சில் காற்று கசிந்து படுக்கையில் கிடப்பவர்களும் உண்டு. ஆகவே விளம்பரத்தைப் பார்த்துப் போகாதீர்கள். நெஞ்சக நோய் மருத்துவரிடம் போங்கள், வீட்டில் பரணில் கிடக்கும் பழைய எக்ஸ்ரே படங்களை எல்லாம் எடுத்துப் போங்கள். இருபது ஆண்டுக்கு முந்தைய படத்தில் இருந்த புள்ளி இன்றும் அதே அளவில் இருந்தால், அந்த ஒரு படம் பல சோதனைகளை மிச்சப்படுத்திவிடும். ஒரே ஒருமுறை எடுத்துவிட்டு முடித்துக்கொள்ளும் சோதனை இல்லை இது. ஏதாவது தெரிந்தால் சிகிச்சைக்கு உடன்படுவாரா என்று அப்பாவிடமே முதலில் கேளுங்கள். முடிவு அவருடையதாக இருக்கட்டும்.

இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டுவது, சளியில் ரத்தம், மூன்று வாரமாகியும் சரியாகாத குரல் கம்மல், காரணம் தெரியாத எடைக்குறைவு, விரல் நுனி உருண்டு நகம் கவிழ்ந்துகொள்வது – இவற்றில் ஒன்று வந்தாலும் மேலே சொன்ன யோசனைக்கெல்லாம் இடமில்லை. உடனே போக வேண்டும். சளிப் பரிசோதனையிலிருந்து தொடங்குவார்கள். அரசு மருத்துவமனையில் காசநோய்ச் சோதனைக்குக் கட்டணம் இல்லை.

*விட்டு ஆறு வாரம் ஆகிறது. வயது 63. பிடித்த காலத்தைவிட இப்போதுதான் இருமலும் சளியும் அதிகம். இரவில் தூக்கமும் இல்லை, நெஞ்சு படபடக்கிறது. மூச்சுக்கென்று தினமும் இரண்டு வேளை போடும் தியோஃபிலின் மாத்திரையை நிறுத்தவில்லை. நுரையீரலைச் சுத்தம் செய்யும் மூலிகை மருந்து என்று விற்கிறார்கள், வாங்கட்டுமா?*
– தென்காசி வாசகர்

மருந்துக்கடைக்குப் போகுமுன் உங்கள் மருத்துவரிடம் போங்கள், இந்த வாரமே. புகையிலுள்ள ரசாயனங்கள் கல்லீரலை முடுக்கிவிட்டு, தியோஃபிலினை வேகமாகச் சிதைக்க வைக்கின்றன. அதனால் புகைப்பவருக்கு அதிக அளவு தேவைப்படும். புகை நின்றதும் அந்த முடுக்கமும் சில நாளில் நின்றுவிடும். மாத்திரை அதே அளவு, உடம்பில் தேங்குவதோ மிக அதிகம். படபடப்பு, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் இதனால் வரலாம். முற்றினால் வலிப்பு வரை போகும். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், அளவைக் குறைத்து எழுதச் சொல்லுங்கள். காபிக்கும் இதே கதைதான்: முன்பு குடித்த நான்கு டம்ளர் இப்போது எட்டு டம்ளரின் வேலையைச் செய்யும். பாதியாகக் குறையுங்கள், மாலைக்குப் பிறகு வேண்டாம்.

இருமல் கூடியதற்குப் பயப்படாதீர்கள். மூச்சுக்குழாயின் உட்சுவரில் சளியை மேலே தள்ளும் நுண்ணிய இழைகள் உண்டு. புகையில் முடங்கிக் கிடந்தவை இப்போது வேலை செய்யத் தொடங்குகின்றன. இன்னும் சில வாரங்களில் தணிய வேண்டும். தணியாவிட்டால் சளிச் சோதனையும் எக்ஸ்ரேயும் அவசியம். நுரையீரலைச் சுத்தம் செய்வதாகச் சொல்லி விற்கும் எந்த மருந்தும் அதைச் செய்வதில்லை. அந்தப் பணத்துக்கு உங்கள் வயதில் தடுப்பூசி போட்டுக்கொள்வது ஆயிரம் மடங்கு மேல். ஃப்ளூ தடுப்பூசி ஆண்டுக்கு ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன். நிமோனியாவுக்கான நியூமோகாக்கல் தடுப்பூசியை எந்த வகை, எத்தனை முறை என்று மருத்துவர் சொல்வார். பழுதான நுரையீரல் உள்ளவருக்கு ஒரு சாதாரணக் காய்ச்சலே தீவிரச் சிகிச்சைப் பிரிவு வரை இழுத்துப் போய்விடும்.

*மாமனாருக்கு சி.ஓ.பி.டி. என்று சொல்லி இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள். ‘பழகிவிட்டால் விடமுடியாது’ என்று மூச்சு முட்டும்போது மட்டும் அடித்துக்கொள்கிறார். அப்படியும் பலன் தெரியவில்லை. விரலில் மாட்டும் கருவி 91 காட்டுகிறது. ஆக்சிஜன் சிலிண்டர் வாங்கிவிடலாமா?*
– நாகர்கோவில் வாசகி

சிலிண்டர் வேண்டாம், அம்மா. இந்த நோய் முற்றியவர்களில் சிலருக்கு ஆக்சிஜன் அதிகமானால் கரியமில வாயு உடம்பில் தேங்கி மயக்கமே வரும். அப்படிப்பட்டவர்களுக்கு அந்தக் கருவி காட்டும் ஆக்சிஜன் அளவை 88க்கும் 92க்கும் இடையில் வைத்தால் போதும் என்பதே நாங்கள் கடைப்பிடிக்கும் அளவு. வீட்டில் ஆக்சிஜன் யாருக்கு வேண்டும் என்று தமனி ரத்தத்தைச் சோதித்துத்தான் சொல்ல முடியும். வேண்டியவர்களுக்கு அது நாளுக்குப் பதினைந்து மணி நேரமாவது தேவைப்படும்.

இன்ஹேலர் போதைப்பொருள் இல்லை. மாத்திரையில் மில்லிகிராம் கணக்கில் போகிற மருந்து இதில் மைக்ரோகிராம் கணக்கில், தேவையான இடத்துக்கு மட்டும் போகிறது. பலன் தெரியாததற்குக் காரணம் பெரும்பாலும் கைமுறைதான். அடுத்தமுறை அவர் எடுக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். வாயைத் திறந்து அடித்ததும் மூக்கு வழியே வெண்புகை வெளியே வந்தால் மருந்து நெஞ்சுக்குப் போகவில்லை. ஸ்பேசர் என்னும் பிளாஸ்டிக் குடுவை வாங்கி மாட்டுங்கள். இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, உதடுகளை இறுக மூடி, ஒரே ஒருமுறை அழுத்தி, மெதுவாக ஆழமாக இழுக்க வேண்டும். பத்து எண்ணும்வரை மூச்சை அடக்க வேண்டும். அடுத்ததற்கு அரை நிமிடமாவது இடைவெளி. கேப்சூல் போட்டு இழுக்கும் கருவியாக இருந்தால் இதற்கு நேர்மாறு, வேகமாகவும் பலமாகவும் இழுக்க வேண்டும். முடிந்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நாக்கில் வெண்படலம் படியும். தினமும் எடுக்கச் சொன்னதை நன்றாக இருக்கும் நாளிலும் எடுக்க வேண்டும்.

பயத்தில் அவர் நடப்பதையே நிறுத்தியிருப்பார் என்று நினைக்கிறேன். வீட்டுக்குள்ளாவது நடக்க வையுங்கள். மூக்கால் இழுத்து, உதடு குவித்து, இழுத்த நேரத்தைப்போல் இரண்டு மடங்கு நேரம் ஊதி விடச் சொல்லுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையாளர் வீட்டுக்கே வருவதுண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். சமையலறையில் விறகடுப்பு இருந்தால் அதை மாற்றுங்கள். அது அவருக்காக மட்டும் சொல்வதில்லை, அதன் முன் உட்காரும் உங்களுக்காகவும்தான். வாழ்நாளில் ஒரு பீடிகூடத் தொடாத எத்தனையோ பெண்களுக்கு இதே நோயை அடுப்புப் புகை கொடுத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

*சந்தைக்கு நடந்து போனால் பாதி வழியில் இடது கெண்டைக்கால் கல்லாக இறுகி வலிக்கிறது. இரண்டு நிமிடம் நின்றால் போய்விடுகிறது, நடந்தால் திரும்ப வருகிறது. 66 வயது. பீடி விட்டு மூன்று ஆண்டு. சர்க்கரையும் உண்டு. நரம்புத் தளர்ச்சி என்று தைலம் தேய்க்கிறேன்.*
– சங்கரன்கோவில் வாசகர்

ஐயா, நடந்தால் வலி, நின்றால் போகிறது, அதே தூரத்தில் மறுபடி வருகிறது என்றால் அது நரம்பைவிடக் காலுக்குப் போகும் ரத்தக் குழாய் அடைப்பையே முதலில் சொல்கிறது. காலில் அடைப்பு உள்ளவருக்கு இதயத்திலும் மூளைக்குப் போகும் குழாயிலும் அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். அதனால்தான் இதை வெறும் கால்வலியாக நான் பார்ப்பதில்லை. மருத்துவரிடம் இரண்டு பாதங்களிலும் நாடி பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிடும் எளிய சோதனை உண்டு. கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையும் ரத்தம் உறையாதிருக்கும் மாத்திரையும் அவர் எழுதித் தருவார். ஆஸ்பிரினை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

அவர் பார்த்துவிட்டு நடக்கலாம் என்றால் நடையை விடாதீர்கள், நடைதான் இதற்கு மருந்து. வலி நன்றாக வரும்வரை நடந்து, நின்று, தணிந்ததும் மறுபடி நடந்து, இப்படி அரைமணி நேரம், வாரத்தில் மூன்று நாளாவது. சில மாதங்களில் வலியில்லாமல் நடக்கும் தூரம் கூடும். வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள். சர்க்கரை உள்ள காலில் சூடு உறைக்காமலே தோல் வெந்துவிடும். செருப்பில்லாமல் வாசலுக்குக்கூடப் போகாதீர்கள். இரவில் படுக்குமுன் பாதத்தின் அடியையும் விரலிடுக்கையும் வீட்டில் யாரையாவது விளக்கு வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். படுத்திருக்கும்போதே கால் வலித்தாலோ, விரல் நுனி கறுத்தாலோ, ஆறாத புண் வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.